ரெண்டு வண்டி கிராசிங்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி ஒரு ரயில்வே கேட் இருந்தது. இப்போது இல்லை. மேலே பாலம் போட்டு, கீழே ரயில் போவதே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். ஏறி இறங்க ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் கேட்டுக்கு முன்னால் டீக்கடை வைத்திருந்த அக்கா ஞாபகம்தான். அந்த அக்கா இருந்தால் இந்தப் பாலத்தை என்னென்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் பேர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அவளும் என் பேரைக் கேட்டதில்லை. எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் "யம்மா". என் வீட்டுக்காரர் உட்பட பைக்கில் வருகிற அத்தனை ஆம்பளையும் அவளுக்குத் தம்பிதான், நரைத்த தம்பி, பல் போன தம்பி எல்லாம் சேர்த்து.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. மாமனார் சிதம்பரத்தில் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். நாத்தனார்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறில் நாங்கள் போனால்தான் அவள் முதுகை நிமிர்த்த முடியும். பஸ்ஸில் போவதுதானே என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஏறினால் செங்கல்பட்டு வருவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ரயிலில் எங்களுக்கென்று எப்போதும் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆகவே பைக். வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்த ஈரத்தோடு வண்டியை எடுப்பார் மனுஷன்.

எடுத்தால் நிறுத்த மாட்டார். வழியில் நிறுத்துவது அவருக்கு மானப் பிரச்னை. "ஒரே மூச்சுல வந்துட்டோம் மச்சான்" என்று நாத்தனார் புருஷனிடம் மார்தட்ட வேண்டும். திண்டிவனத்தில் பெட்ரோல் போட நிறுத்துவார். அதுவும் நான் இறங்கிக் காலை உதறுவதற்குள் "ஏறு, ஏறு" என்பார். பாண்டிச்சேரி தாண்டி கடலூர் வருவதற்குள் இடுப்புக்குக் கீழே இருப்பது என்னுடையதா, சீட்டினுடையதா என்று தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திருப்பாதிரிப்புலியூர் நெரிசலைத் தாண்டியதும் அவர் ஹெல்மெட் லேசாக இடது பக்கம் சாயும் பாருங்கள், அதுதான் என் உயிரை எடுத்தது. முதுகில் ஓங்கிக் குத்துவேன்.

"தூங்கல. வெயிலு கண்ணு கூசுது" என்பார். பச்சைப் பொய்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் எங்காவது வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் கண்ணை மூட வேண்டும். கெஞ்சிப் பார்த்தேன். சண்டை போட்டேன். தலை சுற்றுகிறது என்று நடித்தும் பார்த்தேன், "என்னைப் புடிச்சிக்கோ" என்று இன்னும் வேகமாக ஓட்டினார். நான் தாலி கட்டிக்கொண்டும் முடியாததை அந்த அக்கா ஒரே சத்தத்தில் முடித்தாள்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாலை ஒரு வளைவு வளையும். வளைவை முந்திரித்தோப்பு மறைத்திருக்கும், அதனால் கேட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இந்தப் பக்கம் இருந்து தெரியாது. வளைவில் போலீஸ் இரண்டு இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். எந்த வண்டியும் அங்கே வேகம் குறைத்தே ஆக வேண்டும். தடுப்புக்கு எதிரே அவள் டீக்கடை. கீற்றுப் பந்தல், ஒரு பெஞ்சு, உள்ளே தள்ளி நிழலில் இரண்டு கயிற்றுக்கட்டில். அவ்வளவுதான். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வடிகட்டியோடு சாலை ஓரத்தில் நின்றிருந்தாள்.

"தம்பி! கேட்டு போட்டாச்சி! எங்க போற? அங்க போயி வெயில்லதான் நிக்கணும்!"

கண்டக்டருக்கு வேண்டிய குரல். என் வீட்டுக்காரர் கால் ஊன்றினார்.

"என்னா வண்டிக்கா?"

அவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "கூட்ஸு."

கூட்ஸ் என்றால் லேசில் வராது, வந்தாலும் லேசில் போய்த் தொலையாது. கேட் போட்டால் யாராயிருந்தாலும் நிற்க வேண்டியதுதானே, அதில் மானம் போகாது. இறங்கினார். டீயை வாங்கினார். பாதி டீயில் கட்டிலில் சாய்ந்தார். மீதி டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது சிதம்பரத்திலிருந்து, ஒரு பஸ் வந்தது. அது பின்னாலேயே ஒரு மணல் லாரி. அப்புறம் கார், கார், இன்னொரு பஸ். எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க்கா, கேட்டு போட்டுருந்தா எதுக்க பஸ்ஸு எப்புடிக்கா வரும்?"

அவள் பாலை ஆற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "கத்தாத. தூங்குறாரு பாரு."

அடி ஆத்தி என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்த அளவுக்கு எனக்கு யாரும் உதவி செய்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் அங்கே நின்றோம். நிற்க நிற்க அவள் தொழில் எனக்குப் பிடிபட்டது. அவளிடம் மூன்று மருந்து இருந்தது. முகம் கழுவினால் சரியாகிவிடும் ஆளுக்கு, "பாசஞ்சரு." கொஞ்சம் உட்கார வேண்டிய ஆளுக்கு, "கூட்ஸு." கண் செருகிக்கொண்டு வருகிறவனுக்கு, "ரெண்டு வண்டி கிராசிங்கு." அந்த லைனில் ஒற்றைத் தண்டவாளம். கிராசிங் என்றால் ஒரு வண்டி போய், எதிர்வண்டிக்கு வழி விட்டு, அது வந்து போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் கிராசிங் என்று கேட்டாலே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு வர வர கிராசிங்தான்.

கார்க்காரர்களை அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள். "அவன் ஏசில குந்திக்கினு போறான், அவனுக்கு இன்னா" என்பாள். தெம்பாக வருகிற பைக்காரனை நிறுத்தவும் விட மாட்டாள். ஒருநாள் ஒரு பையன் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, "அக்கா, கேட்டு?" என்றான். "தொறந்துதான் கெடக்குது, போ போ" என்று கையை வீசினாள். போனவன் கொஞ்ச நேரத்தில் முறைத்துக்கொண்டு திரும்பி வந்தான். அன்றைக்கு நிஜமாகவே கேட் போட்டிருந்தது.

"தொறந்துருக்குன்னீங்க?"

"அப்ப தொறந்துருந்திச்சி."

இன்னொருத்தர் நாகப்பட்டினம் போகிறவர். தூக்கத்தில் முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் போனை நீட்டி, "மேப்புல ரோடு க்ளியரா காட்டுதேம்மா" என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"ரயிலு இன்னா உன் போனக் கேட்டுக்கினா வருது? குந்து தம்பி."

குந்தினார்.

இவ்வளவு சொல்கிறேனே என்று அவளைத் தெய்வப்பிறவி ஆக்கிவிடாதீர்கள். டீயில் சர்க்கரை ஜாஸ்தி, தூள் கம்மி. வடை காலையில் போட்டது சாயங்காலம் வரை வடைதான். கட்டிலில் படுத்தவன் ஒரு டீ வாங்காமல் எழுந்துபோனால், "கட்டிலு இன்னா கவர்மெண்டுதா?" என்று அவன் காதில் விழுகிற மாதிரி சொல்வாள். நன்றி சொன்னால் இன்னும் மோசம், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. இனிக்க இனிக்கப் பேசியிருந்தால் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒருநாள் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். மனதுக்குள் ஒரு கதையும் தயாராக வைத்திருந்தேன். புருஷனையோ பிள்ளையையோ இந்தச் சாலையில் பறிகொடுத்திருப்பாள், பாவம் என்று.

"எதுக்குக்கா இப்புடி எல்லாரையும் நிறுத்துறீங்க? உங்க வீட்ல யாருக்காவது..."

"எங்க ஊட்டுக்காரரா? குறிஞ்சிப்பாடில லுங்கி யாவாரம் பண்றாரு. நல்லா கல்லு மாரி இருக்காரு." பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "ஏன், யாராச்சும் செத்தாத்தான் செய்யணுமா?"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அவளே அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வளைவுல சத்தம் கேட்டா மொதல்ல ஓடுறது யாரு? நானு. தண்ணி எடுத்துக்கினு ஓடணும். துணி எடுத்துக்கினு ஓடணும். யாரு என்னான்னு தெரியாது, தலைய மடில போட்டுக்கினு ஆம்புலன்ஸு வர வரைக்கும் குந்தியிருக்கணும். ஓடி ஓடி அலுத்துப்போச்சி யம்மா. எனுக்கு முட்டி வேற வலிக்குது."

இதுதான் காரணம். இரக்கம், கருணை என்று பெரிய வார்த்தை எதுவும் இல்லை. அலுப்பு. அதைக் கேட்டதும் அவள்மேல் எனக்கு உண்டான பிரியத்தைச் சொல்லி முடியாது. நானும் அலுத்துப்போனவள்தானே.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, சித்திரை வெயில், தார் இளகி டயரில் ஒட்டுகிறது. கடலூரிலேயே அவர் ஹெல்மெட் இரண்டு தடவை சாய்ந்துவிட்டது. குத்திக் குத்தி என் கை ஓய்ந்துபோயிற்று. ஆலப்பாக்கம் வரட்டும், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடுப்பு வந்தது. அவர் பழக்கத்தில் வேகம் குறைத்தார். அக்கா சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"இன்னைக்கு கேட்டு போடல போல" என்று சொல்லி ஆக்சிலேட்டரை முறுக்கினார். நான் "அக்கா!" என்று கத்தினேன். காற்றில் போயிற்று.

வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சாலையை விட்டு இறங்கியது. கத்தக்கூட நேரமில்லை. ஓர மணலில் சறுக்கி, ஒரு வேலிக் கருவை மரத்தை உரசிக்கொண்டு சாய்ந்து நின்றது. கண்ணாடி உடைந்தது. என் கை முட்டி தேய்ந்து ரத்தம். எங்களை உரசுகிற மாதிரி ஒரு டிப்பர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அவர் வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார்.

"மண்ணு சறுக்கிடிச்சி" என்றார்.

நான் முந்தானையை முட்டியில் அழுத்திக்கொண்டேன். பேசினால் அந்த இடத்திலேயே ஒப்பாரி வைத்திருப்பேன்.

மறுநாள் திரும்பும்போது, பாத்ரூம் போகணும் என்று சொல்லி அக்கா கடையில் இறங்கினேன். அவர் வண்டியில் இருந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் போய் அக்காவிடம் முட்டியைக் காட்டினேன். கோபம்தான் எனக்கு.

"நேத்து ஏங்க்கா கூப்புடல? பாருங்க."

பார்த்தாள். மஞ்சள் தூளை எடுத்து வந்து குழைத்தாள். பூசிக்கொண்டே சொன்னாள்.

"இனுமே நான் யாரையும் கூப்புட மாட்டன் யம்மா."

துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னாள். அதற்கு முந்தின மாதம் ஒருத்தன் வந்திருக்கிறான். சென்னையிலிருந்து, தனியாக. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. இவள் வழக்கம்போல நிறுத்தி, கிராசிங்கு என்றிருக்கிறாள். அவன் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறான். தூங்கிப்போய்விட்டான். எழுப்பவில்லை. அவனாக எழுந்து, டீக்குக் காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அவுங்க அம்மா சிதம்பரத்துல ஆஸ்பத்திரில. கடைசியா பாக்க வந்துக்கினு இருந்திருக்கான். இவன் போயி சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உசுரு போயிருக்கு. எம்மவன் எங்க, எம்மவன் எங்கன்னே கேட்டுக்கினு இருந்திச்சாம்." மஞ்சளைப் பூசுவதை நிறுத்திவிட்டாள். "கண்ணு செவந்துருந்திச்சி யம்மா. தூக்கம்னு நெனச்சேன். அழுதுருக்கான்."

காரியம் முடிந்த பிறகு அவன் ஒரு சொந்தக்காரரோடு திரும்ப வந்திருக்கிறான், அவர்தான் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னவர். சாவு வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் அந்த லைனில் எந்த வண்டியும் கிடையாது என்று.

"சண்ட போட்டானா அக்கா?"

"போட்டுருந்தா தேவலியே. செருப்பால அடிச்சிருந்தா தேவலியே. வண்டிய வுட்டு எறங்கல. மொட்டத் தலையோட நின்னுக்கினு, 'அன்னிக்கு இன்னா வண்டிம்மா போச்சி?'ன்னு கேட்டான். அவ்ளோதான். நான் கையில இருந்த கிளாஸக் கீழ வச்சேன். என் மூஞ்சியப் பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கினு போயிட்டான்."

வெளியே என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். எனக்கு எழுந்திருக்க மனசில்லை. நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று சொல்லலாம். யார்தான் அதைச் சொல்ல மாட்டார்கள்? அது அவனுடைய அம்மாவைத் திருப்பித் தருமா? என் முட்டியில் எரிச்சல், அவள் முகத்தில் அந்தப் பையன். இரண்டுமே நிஜம். அவள் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அது அவள் பாடு, வண்டியில் வைத்துக் கத்திச் சொல்கிற விஷயமில்லை.

அடுத்த தடவை கிளம்பும்போதே எனக்குப் பயம்தான். அந்த வாரம் முழுக்க அவருக்கு நைட் ஷிஃப்ட். திண்டிவனம் எங்கே போனது, பாண்டி எப்போது வந்தது, ஒன்றும் என் மனசில் நிற்கவில்லை. அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். கடலூர் முதுநகர் தாண்டியதும் ஹெல்மெட் சாய்ந்தது. குத்தினேன். நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

தடுப்பு வந்தது. அக்கா கடை வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா? உதடு லேசாகப் பிரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு கிளாஸ் கழுவப் போய்விட்டாள்.

வண்டி வேகம் பிடிக்கப் போகிறது. நான் அவர் தோளை உலுக்கினேன்.

"ஏங்க, நிறுத்துங்க. கேட்டு போட்டுருக்காம்!"

"யாரு சொன்னா?"

"அக்காதான். கேட்டுப் பாருங்க. அக்கா! கேட்டு போட்டுருக்குல்ல?"

அவள் கழுவின கிளாஸோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, ஏண்டி என்னை இழுக்கிறாய் என்று. நான் பார்வையை எடுக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாலை ஓரத்துக்கு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து அவருக்கு நேரே நின்றாள். அத்தனை நாளில் யாரிடமும் அவள் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"தம்பி, அவசரமா போறீங்களா? ஊட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இருக்காங்கக்கா. அப்பாதான் படுத்துருக்காரு. அப்புடியேதான் இருக்காரு."

"இன்னிக்குப் பேசினீங்களா?"

"காலைல பேசினேன். நல்லா பேசினாரே."

"யாரும் உங்கள எதிர்பாத்துக்கினு இல்லியே? ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா. சாயந்தரத்துக்குள்ள போனா போதும்."

அவள் என்னையும் பார்த்தாள். நானும் இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். குரல் பழையபடி வரவில்லை, கரகரவென்று பாதிதான் வந்தது.

"ரெண்டு வண்டி தம்பி. கிராசிங்கு."

அந்த நேரம் பார்த்து, வளைவில் திரும்பி, கேட் பக்கத்திலிருந்து, சிதம்பரத்திலிருந்து வருகிற ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் அது கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேய்ந்து வடுவாகியிருந்த என் கை முட்டியைப் பார்த்தார்.

இன்ஜினை அணைத்தார்.

"கிராசிங்குன்னா லேட்டாவும்" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலைப் பார்த்து நடந்தார்.